உப்பில்லாத அறுபது ரொட்டி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முட்டிவலி தேவலையா? அப்பா ஒழுங்காக மாத்திரை போடுகிறாரா?

போன வாரம் எனக்குக் கொஞ்சம் சளி, வேறொன்றுமில்லை. லீவு கேட்டால் வேலையே போய்விடும் என்று பேக்கரிக்குப் போனேன். பிசைந்த மாவில் ஒரு கிள்ளு வாயில் போட்டு உப்புப் பார்ப்பேன். அன்று நாக்குக்கு எதுவும் தெரியவில்லை, அப்படியே சுட்டுவிட்டேன். உப்பே போடவில்லை, அம்மா! அறுபது ரொட்டியும் விற்றுப்போனது.

பத்து மணிக்குக் காரில் வந்த ஒருவர், வாங்கிப்போன ரொட்டியை மேசையில் எறிந்தார். "இவளை முதல்ல வெளியே அனுப்புங்க." முதலாளியும் தலையாட்டினார். காய்ச்சலோடு ஏன் வேலைக்கு வந்தாய் என்று கேட்க இருவருக்கும் வாய் வரவில்லை.

பன் வாங்க நின்ற, தெரு கூட்டும் அக்கா விடவில்லை. "நாங்களுந்தான் வாங்கினோம். மேல உப்பத் தூவித் தின்னோம், செத்தா போயிட்டோம்? அவ முகத்தப் பாருங்க, கொதிக்குது! இவளை அனுப்புனா நாங்களும் வேற கடை பாத்துக்கறோம்." அவரோடு தெரு கூட்டுகிறவர்கள் பத்துப் பேர் வாசலில் நின்றார்கள், அவர்களும் "ஆமா" என்றார்கள். முதலாளி அடங்கிவிட்டார். என் வேலை தப்பியது.

போகும்போது அக்கா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். இங்கே வந்த இரண்டு வருஷத்தில் யாரும் அப்படித் தொட்டதில்லை. அவருக்கு நான் என்ன செய்வேன், சொல்!

மாவை மூட உன் பழைய நூல் புடவை ஒன்று அனுப்பு. நீ உடுத்தியதைத் துவைக்காமலே அனுப்பு, நான் துவைத்துக்கொள்கிறேன்.

அடுப்பு மணி அடிக்கிறது.

உன் மகள்