உன் கடைசித் தகடு இன்னும் ஓடுகிறது

என் ஜெசிந்தா,

நீ கடைசியாகப் பூசிவிட்டுப் போன தகடு இன்னும் ஓடுகிறது. ஜன்னலோரக் கண்ணாடிக் கலத்தில் பொடிப்பொடியாகக் குமிழிகள் வந்துகொண்டே இருக்கின்றன. காலையில் ஆய்வகக் கதவைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை நான். நீ எங்கேயோ இருந்து படிப்பாய் என்றும் நம்பவில்லை. ஆனால் உன்னிடம் சொல்லாமல் ஒரு காரியத்தைச் செய்யக் கை வரமாட்டேன் என்கிறது.

நாம் செய்த வேலையைப் பற்றி, இதைப் படிக்கிற மற்றவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கடல்நீரில் மின்சாரம் பாய்ச்சினால் ஹைட்ரஜன் கிடைக்கும். ஆனால் அந்த நீரில் உள்ள உப்பு தகட்டை அரித்துவிடும். அரிப்பையும் தாங்கி, குறைந்த மின்சாரத்தில் தண்ணீரைப் பிரிக்கவும் உதவுகிற பூச்சுதான் வினையூக்கி. நிக்கலும் இரும்பும் கலந்த அப்படியொரு பூச்சைத் தேடியே பாளையங்கோட்டையில் நம் இருவரின் நடுவயதும் போயிற்று. நல்ல தண்ணீரில் செய்தால் சுலபம்தானே என்று யாராவது கேட்டால் உனக்குக் கோபம் வரும். "குடிக்கிற தண்ணிய எதுக்கு ஒடைக்கணும்?" என்பாய்.

உப்பை வாங்கிக் கரைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னபோதும் நீ ஒத்துக்கொள்ளவில்லை. வாரம்தோறும் ஊருக்குப் போய்த் திரும்பும்போது, உவரிக் கடலைக் கேனில் பிடித்துப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு வருவாய். மீன் என்று நினைத்துத் தகராறு செய்த நடத்துநரிடம் மூடியைத் திறந்து காட்டினாயாம். வெறும் கடல் தண்ணீரை எதற்குச் சுமக்கிறீர்கள் என்று அவர் கேட்டதற்கு நீ சொன்ன பதில் அந்தப் பேருந்து முழுக்கப் பரவிவிட்டது. "எங்க காலேஜ்ல ஒரு சைவக்காரி இருக்கா அண்ணாச்சி. அவளுக்கு மீனு இல்லாத கடலு வேணுமாம்."

ஒரு கார்த்திகை மழையில் உவரிக்குப் போக முடியாமல், நாம் இருவருமாகப் புன்னக்காயலில் தண்ணீர் பிடித்து வந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்தத் தண்ணீர் தகட்டை அரிக்கவே இல்லை. துறைத்தலைவர் வரைக்கும் சொல்லிவிட்டோம். அதன் பிறகுதான் நீ கேனில் விரலை விட்டு நாக்கில் வைத்தாய்.

"ஏளா கோமதி, இதுல கடலு எங்கன இருக்கு? பாதி தாமிரவருணிலா கெடக்கு."

ஆறு பெருகிவந்து முகத்துவாரத்தில் கடலையே சப்பென்று ஆக்கியிருந்தது. நீ சிரித்துச் சிரித்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து உவரித் தண்ணீரையும் உப்பு அளந்து பார்க்காமல் நான் கலத்தில் ஊற்றுவதில்லை. நீ கொண்டுவந்ததையும் அளந்தேன். நீ முகம் சுளித்ததில்லை.

இப்போது ஓடுவது அசல் உவரித் தண்ணீரில்தான். அளந்துவிட்டேன். அதே கரைசல், அதே சூடு, அதே நேரம் என்று நான் பூசிய தகடுகளெல்லாம் சில வாரங்களில் போய்விடுகின்றன. உன்னுடையது மட்டும் நிற்கிறது. உன் கை அதில் என்ன செய்தது? உனக்கே தெரிந்திருக்குமா?

தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருக்கிறது. தகட்டை வெளியே எடுத்து, துண்டு போட்டு, நுண்ணோக்கிக்கு அனுப்ப வேண்டும். துறைத்தலைவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும் சார் என்று நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அவர் அதை என் வழக்கமான சந்தேகப் புத்தி என்று எடுத்துக்கொண்டார். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தண்ணீர் எடுக்க இப்போது உவரிக்கு நான்தான் போகிறேன். உன்னைவிடச் சில மாதங்கள் பெரியவள் என்பதால் உன் அம்மா என்னை மூத்தவளே என்று கூப்பிடுகிறார். மற்றவர்களுக்கு மீன் பொரித்த பிறகு, எனக்கென்று தனிச் சட்டியில் உருளைக்கிழங்கு பொரிக்கிறார். நான் கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் வாசல்வரை வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார்.

"அவ வச்சது இன்னும் ஓடுதா மக்ளே?"

ஓடுது அம்மா என்று சொல்லிவிட்டு வருகிறேன். அதைச் சொல்ல முடியாத நாளில் அந்த வாசலில் நான் எப்படி நிற்பது?

நேற்று உன்னைப்போலவே குனிந்து, கலத்தின் பக்கம் மூக்கைக் கொண்டுபோனேன். பிளீச்சிங் பவுடர் வாடை, மிக லேசாக. பூச்சு தளர ஆரம்பித்தால் வருகிற குளோரின் வாடை அது. மீட்டர் இன்னும் எதையும் காட்டவில்லை. ஆனால் மீட்டருக்கு முன்னால் உன் மூக்குக்குத் தெரிந்துவிடும் என்பதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். என் மூக்கை நம்பலாமா? தெரியவில்லை. காத்திருக்க மட்டும் பயமாக இருக்கிறது.

நாம் பேசாமல் இருந்த அந்த ஒரு வாரத்தை நினைத்துக்கொண்டேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த தகட்டை நீ வெட்டப் போனாய். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். அப்போது நீ சொன்னாய்:

"செத்த பெறவு வெட்டுனா ஏன் செத்துச்சுன்னுதான் தெரியும். ஓடும்போதே வெட்டுனாத்தாம்ளா ஏன் உசிரோட இருந்துச்சுன்னு தெரியும்."

அன்று நீ ஜெயிக்கவில்லை. அந்தத் தகடு தானாகவே செத்தது. ஏன் அத்தனை நாள் இருந்தது என்று நமக்குக் கடைசிவரை தெரியவில்லை.

திங்கட்கிழமை காலையில், குமிழி வந்துகொண்டிருக்கும்போதே நான் மின்சாரத்தை நிறுத்துவேன், ஜெசிந்தா. வேறு யாரையும் தொடவிட மாட்டேன். வெட்டுவதும் நான்தான். பிறகு உவரிக்குப் போய், நிறுத்தியது நான்தான் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, புதுத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவேன். உன் தகடு என்ன சொல்கிறதோ அதன்படி அடுத்ததைப் பூசி, அந்தத் தண்ணீரில் ஓடவிடுவேன்.

அதுவும் நிற்கவில்லை என்றால் முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுவேன். அடுத்து என் கையை. உன்னை இல்லை.

உன் அம்மாவின் மூத்தவள்,
கோமதி