இரண்டாவது கால்கட்டு

பூவுலகிலேயே ஒரு விமானத்துக்குச் சீலை உடுத்திவிட்ட ஒரே மனிதராகிய என் அன்பு அத்தானுக்கு,

இப்போது நான் சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று பிள்ளையார்மேல் சத்தியம் செய்து தொடங்குகிறேன். ஸ்கந்தபுரத்தில் என் சொல்லை நம்புகிறவர்களின் தொகை உங்களுக்குத் தெரியும். ஒரேயொரு ஆள். நீங்கள். நீங்களும் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

நீங்கள் போய் ஆறு மாதமாகிறது. அக்கா சுகம். மூத்தவள் படிப்பிக்கப் போகிறாள். உங்கள் சைக்கிளை நான்தான் ஓடுகிறேன். அது என்னைக் கள்ளனைப் பார்ப்பதுபோலத்தான் பார்க்கிறது. பெருமாள் மட்டும் இன்னும் எங்கள் படலை தாண்டி வருவதில்லை. செத்தவீட்டன்றும் வெளியே வெயிலில் நின்று, பாடை எழும்பியதும் கும்பிட்டுவிட்டுப் போனார். எத்தனை வருடம் உங்களோடு ஒன்றாய் வேலை செய்த மனுசன். கோள்சொல்லி என்று நீங்கள் அவர்மேல் வைத்த பெயர் இன்னும் இறங்கவில்லை. அதை இறக்கத்தான் இந்தக் கடிதம்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் வாசிக்கிறவர்கள் பாவம், முதலிலிருந்து சொல்கிறேன்.

தோட்டத்துக் கொட்டிலில் நின்ற அந்த விமானம் மலையளவு பெரியது. செட்டையை விரித்தால் கண்டாவளை வயல்வரை நிழல் விழும். சரி, அத்தான், இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய சின்னச் சாமான்தான். பயிருக்கு மருந்தடிக்க அதை வைத்திருந்த தோட்டத்துப் பெரியவர் கொழும்புக்குப் போகும்போது, "இது விழாமல் பாத்துக்கொள்" என்று உங்களிடம் சொல்லிவிட்டுப் போனார். செட்டையைக் கறையான் தின்றது, எஞ்சினை யாரோ தின்றார்கள். நீங்கள் கால்களையாவது காப்பாற்றுவதென்று முடிவெடுத்தீர்கள். இரண்டு இரும்புக் கால்கள். அவற்றைச் சுற்றிய துணி உக்கி, உள்ளே கறள் ஏறிக்கொண்டிருந்தது. கால் முறிந்தால் உடம்பு மண்ணில் இருக்கும், மண்ணில் இருந்தால் மிச்சமும் கறையானுக்கு.

யாருக்கும் சொல்லாமல் செய்யவேண்டிய வேலை. மேலேயிருந்து ஒருவன் கண்டால் குண்டு போடுவான், கீழேயிருந்து ஒருவர் கண்டால் கேள்வி கேட்பார். இரண்டையும்விட அக்காவின் பயம் உங்களுக்குப் பெரிது. எங்கள் பழைய வீட்டுக் குசினியைக் கூரையோடு ஒரு விமானம் தின்ற நாளிலிருந்து, பிளேன் என்ற சொல்லையே வீட்டில் எடுக்கக்கூடாது என்பது அவரின் சட்டம். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து புறப்பட்டுப்போய் நீங்கள் ஒரு பிளேனுக்குக் கால் கழுவிக்கொண்டிருந்தீர்கள்.

கூட நின்றவர் பெருமாள். மலைநாட்டிலிருந்து வந்து தோட்டத்தில் வேலைக்கு நின்றவர். தும்பும் மணலும் போட்டுக் கறளைத் தேய்த்தது அவர் கை. துணிக்கு அக்காவின் பருத்திச் சீலையைக் கொண்டுபோனது உங்கள் கை. துணி விறைக்க முதலில் கஞ்சி பூசினீர்கள். தோட்டத்துக் கன்று வந்து முழுவதையும் நக்கிவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கன்று நிலத்திலிருந்து நாலடி உயரத்தில்தான் மேய்ந்தது என்று நான் சொன்னேன், இன்னும் சொல்வேன்.

அதன் பிறகுதான் உங்கள் மூளை வேலை செய்தது. விமானத் துணியை இறுக்கப் பூசும் மருந்தும் பெண்கள் நகத்துக்குப் பூசும் கியூட்டெக்ஸும் ஒரே மணம், ஒரே குணம். சண்டைக்காலத் தடையில் வார்னிசு வராது, பெயின்ற் வராது, பற்றரி வராது. ஆனால் நகப்பூச்சைத் தடைசெய்ய ஒருவருக்கும் தோன்றவில்லை. பெருமாள் வவுனியாவுக்குப் போய் ஒரு பை நிறையச் சிவப்புக் குப்பிகளோடு வந்தார். இராணுவச் சோதனையில் நின்றவன், "உனக்கு எத்தனை பெண்டாட்டி?" என்று கேட்டானாம்.

"ஒண்ணுதாங்க. விரல்தான் கூட" என்றாராம் பெருமாள்.

இப்போது அக்காவின் பக்கத்தில் நின்று பாருங்கள். அலுமாரியில் ஒரு சீலை குறைகிறது. கஞ்சி குறைகிறது. பின்னேரம் வீட்டுக்கு வரும் மனுசனில் கியூட்டெக்ஸ் மணம். நகத்தின் ஓரத்தில் சிவப்பு. எந்தப் பெண் சும்மா இருப்பாள்? அக்கா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, அந்தாள் எங்க போகுது எண்டு ஒருக்காப் பாத்துக்கொண்டு வா" என்றார். ஈழம் முழுவதும் தேடினாலும் என்னைப்போல உளவாளி கிடைக்கமாட்டான் என்பது அவருக்குத் தெரியும்.

கொட்டிலின் கிடுகு மறைப்போடு ஒட்டிக்கொண்டு நின்றேன். உங்கள் குரல் கேட்டது.

"முதல் கால்கட்டு வலு திறம். ரெண்டாவது கால்கட்டையும் வாற வெள்ளிக்கிடையில முடிச்சுப்போடுவம். சீலையும் இருக்கு, சிவப்பும் இருக்கு."

"அக்காவுக்குத் தெரிஞ்சா சும்மா விடுவாங்களாண்ணே?"

"அதுதான், தெரியாமல் முடிக்கவேணும்."

காலைச் சுற்றித் துணி கட்டுவதை நீங்கள் இருவரும் கால்கட்டு என்று கூப்பிட்டீர்கள். ஊரில் கால்கட்டு என்றால் கல்யாணம், வேறென்ன? நான் ஓடினேன். அன்று நான் ஓடிய வேகத்துக்கு அந்த விமானமே எஞ்சினோடு வந்திருந்தாலும் பிடித்திருக்காது. கேட்டதை ஒரு எழுத்துப் பிசகாமல் அக்காவிடம் கொட்டினேன். என் பெயரைச் சொல்லக்கூடாதென்று என் தலையில் கைவைக்கச் செய்து அவரிடம் சத்தியமும் வாங்கினேன்.

அக்கா அழவில்லை. உங்களை விட்டு முள்ளியவளைச் சொந்தக்காரரிடம் போவதற்குப் பெட்டியைக் கட்டினார். கட்டி வைத்துவிட்டு விளக்குமாறை எடுத்தார். "போறதுக்கு முதல் அவளின்ர முகத்தை ஒருக்காப் பாக்கவேணும்" என்றார். நானும் பின்னால் போனேன், ஏதோ அப்போதுதான் கேள்விப்பட்டவன்போல.

கொட்டிலுக்குள் நீங்கள் முழங்காலில் நின்றீர்கள், பக்கத்தில் பெருமாள். உங்களுக்கு முன்னால் ஒரு கால் பளபளவென்று சிவந்திருந்தது. மற்றக் காலில் அக்காவின் நீலக்கரைச் சீலை பாதி தைத்தபடி. அக்கா விளக்குமாறோடு விமானத்தை ஒருதரம் சுற்றி வந்தார். பிறகு கேட்டார்:

"என்ர சீலையைக் கட்டிக்கொண்டு நிக்கிறவள் இவள்தானோ?"

நீங்கள் தூரிகையோடு எழும்பினீர்கள். அக்கா விடவில்லை.

"ரெண்டாவது கால்கட்டு வெள்ளிக்கிடையிலாமே. எனக்குத் தெரியாமல் முடிக்கிறதாமே."

அந்த இடத்தில்தான் எல்லாம் பிழைத்தது, அத்தான். அந்தச் சொற்களைச் சொன்னது நீங்கள், கேட்டது பெருமாள். மூன்றாவது காது ஒன்று உங்களுக்குத் தெரியாது. கையில் சிவப்புத் தூரிகையோடு அவரைத் திரும்பிப் பார்த்தீர்கள்.

"நான் இல்லீங்கண்ணே" என்றார் அவர்.

"இஞ்ச வேற ஆர் நிண்டது?"

வேறு ஆள் அக்காவுக்குப் பின்னால் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அக்கா துணியைத் தடவிப் பார்த்தார். "பிளேனும் மண்ணும். இதென்ன தையல், கோழி கிளறினமாதிரி" என்று சொல்லி, விளக்குமாறைச் சாத்திவிட்டு ஊசியை வாங்கினார். இரண்டாவது காலை அவர்தான் கட்டி முடித்தார். முள்ளியவளைப் பெட்டி அவிழ்ந்தது. உங்கள் குடும்பம் தப்பியது. பெருமாள் தப்பவில்லை. "அவன் சொல்லேல்லை" என்று அக்கா எத்தனைதரம் சொன்னார். வேறு யார் என்று சொல்ல அவரைச் சத்தியம் விடவில்லை. பெருமாளைக் காப்பாற்றத்தான் அக்கா மறைக்கிறார் என்று நீங்கள் நினைத்தீர்கள். ஒன்று கேட்கட்டுமா? அவர் வேறு ஊர்க்காரர் என்பதால் உங்களுக்கு அது கொஞ்சம் சுலபமாக இருந்ததோ? எனக்குச் சுலபமாகத்தான் இருந்தது.

விமானம் இன்னும் நிற்கிறது. கால் சிவப்பு வெளுக்கவில்லை.

மலையளவு விமானம், பறந்த கன்று, என் ஓட்டம், எல்லாவற்றையும் தள்ளிவிடுங்கள். ஒரு சின்ன இடம் மட்டும் உண்மை. கிடுகுக்கு இந்தப் பக்கம் நான் காதோடு மட்டும் நிற்கவில்லை. ஓலையை விரலால் விலக்கிப் பார்த்தேன். விமானத்தின் சில்லைக் கண்டேன், சிவந்த காலைக் கண்டேன், அது என்ன கால்கட்டு என்று விளங்கிக்கொண்டேன். விளங்கிக்கொண்டுதான் அக்காவிடம் ஓடினேன். ஒரு பகல் சிரிக்கலாம் என்று நினைத்தேன். நான் கேட்டதை மட்டும் வைத்துப் பிழையாக விளங்கிக்கொண்டேன் என்று அக்கா இன்றுவரை நம்புகிறார்.

நாளைக் காலை அக்காவைக் கூட்டிக்கொண்டு பெருமாளின் வீட்டுக்குப் போகிறேன். போகும் வழியிலேயே அக்காவுக்குச் சொல்வேன். விளக்குமாறு அவர் கையில் இல்லாத நேரம் அதுதான். பிறகு பெருமாளின் வாசலில் நின்று, ஒரு சொல்லும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல் சொல்வேன். நீங்கள் கேட்காமல் போன மன்னிப்பையும் சேர்த்துக் கேட்பேன். அவர் நம்பாவிட்டால், நம்பும்வரை தினமும் போவேன்.

இப்படிக்கு,
ஊர்ப் பிள்ளைகளுக்குப் புளுகு மாமா,
உங்களுக்கு என்றும் மச்சான்.