புல்லுக்கு வாங்கிய அரிவாள்

4-12-2006, திங்கள்
மழை விட்டுவிட்டது. வீட்டின் பின்பக்கம் புல் முழங்கால் உயரம். நேற்று அதில் ஒரு பாம்பைப் பார்த்தாளாம் மருமகள் தீபா. "ஞாயித்துக்கிழமை மொத்தமா சிமெண்ட் போட்டுடலாம் அத்தை" என்கிறாள். என் மகன் குமரேசனும் தலையாட்டுகிறான்.
பேத்தி வெண்ணிலா இப்போதுதான் நடக்கிறாள். அந்தக் காலில் மண்ணே படாதா? ஞாயிற்றுக்கிழமைக்குள் நானே புல்லை அறுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.
"உங்களுக்கு அறுக்கத் தெரியுமா?"
கேட்கிறாளே! நாலு ஏக்கர் நெல் விளைந்த குடும்பம் இது என்றேன்.

5-12, செவ்வாய்
தாம்பரம் மார்க்கெட்டில் இரும்புக் கடைக்குப் போனேன். "பல்லு வெச்சதா, பல்லில்லாத மொழுக்கையா ஆயா?" என்றான் கடைக்காரன். "எங்க நெலத்துல எல்லாம் கருக்கரிவாள்தான்" என்று பல் வைத்ததையே வாங்கினேன்.

6-12
பல்லில் சிக்கிப் புல் வேரோடு வருகிறது. கூர் பற்றவில்லை போல.

7-12
துவைக்கிற கல்லில் ஒரு மணி நேரம் தேய்த்தேன். இப்போது கொஞ்சம்கூட அறுக்கவில்லை. ஏன்? தீபா ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

8-12, வெள்ளி
கீரைக் கூடையோடு கிளியம்மாள் வந்தாள். அந்த நாளில் எங்கள் வயலில் அறுத்தவள். அரிவாளைப் பார்த்ததும் சிரிப்பு.
"இன்னாம்மா, கருக்கருவாள கல்லுல தேய்ச்சிகீறீங்க? பல்லு மொத்தம் பூட்ச்சே! அது நெல்லுக்கு. புல்லுக்கு மொழுக்கைதான்."
"எனக்குத் தெரியாதா?" என்றேன்.
"நீங்க கொடை புட்ச்சிகினு வரப்புல நின்னீங்க. அறுத்தது நாங்க."
உண்மைதானே — ஒரு நாளாவது நான் அரிவாள் பிடித்திருக்கிறேனா?

9-12, சனி
அவளையே கடைக்கு அழைத்துப்போனேன். மொழுக்கை அரிவாள்களை ஒவ்வொன்றாக நகத்தால் சுண்டிப் பார்த்தாள். "கணீர்னு சொல்லணும்மா." ஐந்தாவதுதான் சொன்னது. வீட்டில் கல்லை நனைத்து, பிடியிலிருந்து நுனி வரை மெதுவாக, இரண்டு பக்கமும் இழுத்தாள். அழுத்தவே இல்லை. நான் மாடு மாதிரி அழுத்தியிருக்கிறேன்.
அவள் முக்கால்வாசி அறுத்தாள், நான் ஒரு மூலை. கை கொப்புளம் கட்டிவிட்டது. தீபா தேங்காய் எண்ணெய் தடவும்போது எல்லாவற்றையும் சொன்னேன். நான் அரிவாள் பிடித்தது இந்த வாரம்தான் முதல் முறை என்றும் சொன்னேன்.
"நாலு ஏக்கர் அத்தை!" என்று சிரித்தாள். கையை மட்டும் விடவில்லை.

10-12, ஞாயிறு
காலையில் மேஸ்திரி வந்தார். "பின்பக்கம் வேணாண்ணா, முன்னாடி வண்டி நிக்கிற இடம் மட்டும் போட்டுடுங்க" என்றாள் தீபா. என்னைக் கேட்கவே இல்லை.
பிறகு வெண்ணிலாவைப் பின்பக்கம் கொண்டுபோய் இறக்கிவிட்டாள். குழந்தை இரண்டு அடி வைத்தது, உட்கார்ந்தது, ஒரு பிடி மண்ணை அள்ளி வாயில் போட்டது.
நானும் தீபாவும் சேர்ந்தே ஓடினோம்.