வெள்ளையாகவே வந்த துணி

14.2.79, புதன்

போன வாரம் காட்டுப்பன்றியை விரட்டச் சுட்டபின் நாட்டுத் துப்பாக்கியைக் கழுவாமல் வைத்துவிட்டேன். இன்று குழலுக்குள் வெந்நீர் ஊற்றினேன். கரிமருந்துக் கசடு கறுப்பாக வந்திருக்க வேண்டும். தெளிந்த தண்ணீர்தான் வந்தது. கம்பியில் சுற்றி விட்ட துணியும் வெள்ளையாகவே வெளியே வந்தது.

தம்பியிடம் கேட்டேன்.

"சும்மாதானண்ணே கெடந்துச்சு, நாந்தான் கழுவி வச்சேன்" என்றான்.

தின்ற தட்டைக்கூடக் கழுவாதவன்.

வரப்புத் தகராறில் பக்கத்துத் தோட்டக்காரர் அவனை அடிக்க வந்தார். அவருடைய காளை நேற்றுக் காலை அழகர்மலை அடிவாரத்தில் குண்டடிபட்டுச் செத்துக் கிடந்தது. துப்பாக்கி லைசென்ஸ் என் பெயரில் இருக்கிறது.

பையில் ஏழு ஈயக்குண்டு மீதம் வைத்திருந்தேன். பை எதிரே ஆணியில்தான் தொங்குகிறது. இறக்கி எண்ணினால் தெரிந்துவிடும். அதனால்தான் எண்ணவில்லை.