மாசிக்கு வெட்டிய முதல் குழி

வெங்காயத்தாள் வாசம் பட்டால் காதை நிமிர்த்தும் என் அன்பு மாசிக்கு,

நீ போன பிறகும் காற்று ஓயவில்லை. கடல்நீர் தேங்கி நிற்கும் களப்புப் பக்கம் காற்றாலைகள் பகல் முழுக்கச் சுற்றுகின்றன. கொடியில் போட்ட உடுப்பு நிற்பதில்லை. மத்தியானங்களில் நான் வழமைபோலப் பூவரச மரத்தடியில் புத்தகத்தோடு இருக்கிறேன். வரலாற்றுப் பாடத்தைச் சத்தமாக வாசித்துவிட்டு, நீ பெருமூச்சு விடுவதற்காகக் கொஞ்சம் நிறுத்துகிறேன். அந்த இடைவெளியில் இலைகள் சலசலக்கும். அதையே உன் பதிலாக எடுத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போவேன்.

கழுதைக்குக் கடிதம் எழுதுகிறாள் என்று ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். எங்கள் ஊரான எத்தாளையில் பூனை வளர்ப்பார்கள், ஆடு வளர்ப்பார்கள். தெருவில் திரிந்த கழுதையை வீட்டு ஆளாக்கியது நாங்கள்தான். லொறி தட்டிய காலோடு எங்கள் வேலியோரம் வந்து நின்றாய். உம்மா மஞ்சள் அரைத்துக் கட்டினார். காயம் ஆறிய பிறகும் நீ போகவில்லை. உன் நிறம் நன்றாகக் காய்ந்த மாசிக் கருவாட்டின் நிறம் என்று சொல்லி, வாப்பாவின் தம்பி, என் சாச்சா, உனக்கு அந்தப் பெயரை வைத்தார். பிறகு உனக்கு ஒரு குட்டி பிறந்தது. அதன் காரக் குணத்தைப் பார்த்து, கொச்சி மிளகாயை நினைத்து, கொச்சி என்று பெயர் வைத்தது நான்.

அந்தக் காலையில் நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது அல்லவா? சொல்கிறேன்.

முந்தின மாலை நீ நன்றாகத்தான் இருந்தாய். பக்கத்துத் தோட்டத்துச் சல்மா மாமியின் பயற்றங்கொடியை வேலிக்கு மேலால் இழுத்துத் தின்றாய். மாமி வாசல் கூட்டும் தும்புத்தடியோடு ஓடி வந்தார். விடிந்தபோது கொட்டிலுக்குப் பக்கத்தில் படுத்திருந்தாய். தூங்குகிறாய் என்று நினைத்து, எழுப்பாமல் முகம் கழுவப் போனேன். திரும்பி வரும்போது கொச்சி உன் வயிற்றை முகத்தால் இடித்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான் விளங்கியது.

பாம்பு என்றார் சாச்சா. பொலித்தீன் ஏதும் தின்றிருக்கும் என்றார் வாப்பா. உன் உடம்பில் ஓர் அடையாளமும் இல்லை. மிருக வைத்தியருக்குத் தொலைபேசியில் சொன்னோம். இனித் தான் வந்து செய்ய ஒன்றுமில்லை, கிணறுகளுக்குத் தூரமாக, ஆழமாகப் புதையுங்கள் என்று மட்டும் சொன்னார். என்ன நடந்தது மாசி? வலித்ததா? நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது எங்களைக் கூப்பிட்டாயா?

சாச்சா டிரக்டரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்.

"கயித்தக் கட்டி களப்புப் பக்கம் இழுத்து விட்டிட்டு வாறன். காகம், நாய் பாத்துக்கொள்ளும்."

"வேணாம் சாச்சா. அடக்குவம்."

"கழுதையையா? அப்ப பள்ளிவாசலுக்குப் போய் மையத்துத் தூக்குற சந்தூக்கும் எடுத்து வரவா புள்ள?"

"பகிடிய விடுங்க தம்பி," என்றார் உம்மா. "அவள் இன்னும் தேத்தண்ணி கூடக் குடிக்கல்ல."

சாச்சா குரலைத் தணித்துக்கொண்டார். "சரி. அப்ப குட்டிய அங்கால கட்டிப் போடுவம். தாயத் தூக்குறதப் பாத்தா மிரளும்."

அதற்கும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. கூட இருந்த பிராணி செத்த உடம்பை மூக்கால் மணந்து பார்க்க விடவேண்டும், இல்லாவிட்டால் அது நாட்கணக்காகத் தேடித் திரியும் என்று பாடசாலை நூலகத்துப் புத்தகம் ஒன்றில் வாசித்திருந்தேன். அதைச் சொன்னேன்.

"புத்தகம் எழுதினவர் கழுதையக் கண்டிருக்காராமா?"

"கண்டிருப்பார்."

"கொச்சியக் கண்டிருக்க மாட்டார்."

வாப்பாதான் முடிவு சொன்னார். "நிக்கட்டும் விடு. குழி வெட்ட நேரம் போகும்தானே."

கொச்சி நின்றது. உன் வாயை மணந்தது, காதுகளை மணந்தது, பிறகு உன் கழுத்தோரம் அசையாமல் நின்றுவிட்டது. புத்தகத்தில் அதற்குப் பிறகு என்ன செய்வதென்று எழுதியிருக்கவில்லை. உம்மா கிணற்றுத் தண்ணீர் வைத்தார், வாளியைத் தட்டி ஊற்றியது. தவிட்டுத் தண்ணீர் வைத்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டது. வெயில் ஏறியது. மணல் பறந்து உன் கண்ணிமையில் படிந்தது, நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். மத்தியான லுஹர் தொழுகை முடிந்து வந்தபோது கொச்சியின் முன்னங்கால்கள் நடுங்கின. தின்னத் தொடங்கிய குட்டிதான், ஆனாலும் உன் பாலை மறக்காத குட்டி.

"இதும் தாயோட போயிடும் போல," என்று வாப்பா உம்மாவிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு உன்னைப் பற்றி அழ எனக்கு நேரமிருக்கவில்லை. இதைச் சொன்னால் நீ கோபிக்கமாட்டாய்.

இனிக் குழியின் கதை. வாப்பாவும் சாச்சாவும் ஊர்த் தோட்டங்களில் கிணறு வெட்டுகிறவர்கள் என்று உனக்குத் தெரியும். எல்லாக் கிணறுகளுக்கும் தூரமாக, காணியின் கடைசிப் பள்ளத்தில், அறுகு பச்சையாய் நிற்கும் இடத்துக்கு இருவரும் நேரே நடந்தார்கள். மண் இளக்கமாக இருக்கிறது என்றார்கள். வெட்டத் தொடங்கினார்கள். நெஞ்சளவு இறங்கியபோது சல்மா மாமி வேலியருகே வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன இது, குழி வட்டமா இரிக்கி? கழுதையக் குந்த வெச்சா அடக்கப் போறீங்க?"

இருவரும் நிமிர்ந்து, தாங்கள் வெட்டியதைப் பார்த்தார்கள். விளிம்பு சீவி, அச்சொட்டான வட்டம். கை தன் பாட்டில் கிணறு வெட்டியிருக்கிறது. கால்களும் தம் பாட்டில் தண்ணீர் உள்ள இடத்துக்குத்தான் நடந்திருக்கின்றன. சாச்சாவின் கால்விரல்களுக்கிடையில் மணல் கறுத்து, நனைந்து, மெல்லத் தண்ணீர் ஊறத் தொடங்கியது. அவர் உள்ளங்கையில் அள்ளி வாயில் வைத்தார்.

"நானா, நல்ல தண்ணி," என்றார் தன் அண்ணனிடம்.

வாப்பா குழி விளிம்பில் உட்கார்ந்து சிரித்தார். பிறகு தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இதுக்குள்ள போட்டிருந்தா?" என்றார் மாமி. "எங்கட பாத்தியெல்லாம் இந்த ஊத்துத் தண்ணியத்தானே குடிக்கிது."

அப்போதுதான் கொச்சி தலையைத் தூக்கியது. காற்று பள்ளத்திலிருந்து அதன் பக்கம் அடித்தது. காதுகள் முன்னால் வந்தன. ஒரு தரம் உன்னைப் பார்த்தது, பிறகு தடுமாறித் தடுமாறிப் பள்ளத்துக்கு நடந்து வந்தது. நான் உடுப்போடு குழிக்குள் குதித்து, சாச்சாவின் மண் அள்ளும் பேசினில் கலங்கல் தண்ணீரை மொண்டு நீட்டினேன். குடித்தது மாசி. மூக்கு நனைய, மூச்சு விடாமல் குடித்தது. வாளியில் வைத்த சுத்தமான தண்ணீரைத் தட்டி ஊற்றியதே, இந்தச் சேற்றுத் தண்ணீரில் அதற்கு என்ன மணந்தது? வாப்பாவுக்கும் தெரியவில்லை.

குடித்துவிட்டு உன்னிடம் திரும்பிப் போனது. நனைந்த மூக்கை உன் நெற்றியில் வைத்தது. பிறகு நகர்ந்து, குனிந்து, அறுகைக் கடித்தது.

இரண்டாவது குழியை மேட்டில், கஜு முந்திரி மரத்துக்கு அப்பால் வெட்டினார்கள். இந்த முறை வாப்பா தடியால் நீளமாகக் கோடு கீறி, அதைத் தாண்டாமல் வெட்டினார். சாக்குப் படங்கில் உன்னைக் கிடத்தி எல்லோரும் பிடித்தோம். தலைப் பக்கம் பிடித்தவர் சல்மா மாமி. மவுத்துச் செய்திக்குச் சொல்லும் இன்னாலில்லாஹியைக் கழுதைக்குச் சொல்லலாமா என்று உம்மாவிடம் கேட்டேன். "நட்டம் வந்தா எல்லாத்துக்கும் சொல்றதுதானே மகள்," என்றார். சொன்னோம்.

இப்போது ஊர்ப் புதினம் சொல்கிறேன். முதல் குழியை வாப்பா மூடவில்லை. சுற்றிவரத் தென்னங்குற்றி அடுக்கியிருக்கிறார். கொச்சி அங்கு மட்டும்தான் தண்ணீர் குடிக்கிறது. நேற்று மாமியின் கொடியை இழுத்துத் தின்று தும்புத்தடிக்குப் பயந்து ஓடியது. எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? நுரைச்சோலையிலிருந்து வரும் என் வகுப்புத் தோழியின் பூனை போன கிழமை திடீரென்று செத்துப்போனது. என்ன செய்வதென்று என்னிடம் கேட்டாள். அவசரப்பட்டுத் தூக்காதே, மற்றப் பூனை மணந்து பார்க்கட்டும், பிறகு உயிரோடு இருப்பதைக் கவனி என்றேன். வேறு எனக்கென்ன தெரியும்?

சில மாலைகளில் கொச்சி களப்போரத்து உப்புத் தரைக்குப் போய் நிற்கிறது. தூரத்தில் ஊர்க் கழுதைகள் நடக்கும்போது கானலில் அவற்றின் கால்கள் தெரிவதில்லை. உடல்கள் மட்டும் வெளிச்சத்தில் மிதந்து போகின்றன. அவற்றில் ஒன்று மாசி நிறத்தில் இருக்கிறது. கொச்சி பார்க்கிறது, நானும் பார்க்கிறேன். நீதானா என்று நான் கேட்பதில்லை. கேட்டால் கலைந்துவிடும் போல இருக்கும்.

ஒரு வாக்குத் தருகிறேன். கொச்சி உன்னைத் தேடிப் போகும்போது கயிறு போட்டு இழுக்கமாட்டேன். பின்னால் நடந்து போவேன். அதற்குப் பார்த்துப் போதும் என்றாகும் வரை நிற்பேன், அதோடுதான் வீடு திரும்புவேன். பரீட்சைக் காலத்திலும் அப்படித்தான், வாப்பாவிடமும் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் பிள்ளைக்கு மூத்தவளாய், ராத்தாவாகிவிட்ட
ஸீனத்