கதை படித்து மாமனைத் துரத்திய இளவரசி விடுக்கும் திருமுகம்

நலம் பொலிக. நெய்தற்கரை நாட்டு மரக்கலங்கள் போகும் திசையெல்லாம் காற்று துணை நிற்க. புன்னைத்துறைக் கோட்டையில் விளக்கும், அதன் சமையற்கட்டில் அடுப்பும் என்றும் அணையாதிருக்க.

ஏழு குன்றுகளையும் எண்ணிறந்த ஏரிகளையும் உடைய செங்கழனி நாட்டின் இளவரசியும், வரும் முழுநிலா நாளில் அந்நாட்டுக்கு அரசியாகப் பட்டம் கட்டிக்கொள்ள இருப்பவளும், நீந்தத் தெரியாமலே ஆற்றுப்படைக்குத் தலைவியானவளும், வாட்பயிற்சியில் இதுவரை தன் செருப்பு வாரை மட்டுமே வெட்டி வீழ்த்தியவளும், பதினாறு வயது நிரம்பியும் அறிவு நிரம்பாதவளுமாகிய அணிமலர்த் தேவி, நெய்தற்கரை நாட்டு இளவரசியும், கதைச் சுவடி வாசிப்பதில் எமக்கு மூத்தவரும், எம்மால் அன்போடு அக்கா என்று அழைக்கப்படுபவருமாகிய கயற்கொடி நாச்சியாருக்கு விடுக்கும் திருமுகம்.

மேற்கண்ட பட்டங்களை எழுத ஓலைநாயகம் கீரந்தையார் மறுத்தார். அரச குலத்தார் தம்மைத் தாமே இழித்துரைத்தல் மரபன்று என்றார். மெய்யை எழுதுவதும் மரபன்று என்றால் ஓலையே வேண்டாம் என்று யாம் சொல்லவும், பெருமூச்சு விட்டு எழுத்தாணியைக் கையில் எடுத்தார். ஆதலின் இதில் காணும் நல்ல தமிழ் அவருடையது; மற்றவை எம்முடையவை.

தங்களிடமிருந்து ஒரே படகில் இரண்டு கேள்விகள் வந்து சேர்ந்தன. தாங்கள் அனுப்பிய கதைச் சுவடிகளைப் பற்றி ஒளிவுமறைவின்றி என்ன நினைக்கிறோம் என்று தாங்கள் கேட்டிருந்தீர்கள். செங்கழனி நாட்டை ஆறு ஆண்டுகளாக எம் பொருட்டு ஆண்டுவந்த எம் தாய்மாமன் ஏனாதி வெண்கூத்தனார், ஒரு துணி மூட்டையோடு தங்கள் கோட்டை வாயிலில் வந்து நின்றது ஏன் என்றும், கேட்டால் அவர் வாய் திறவாதது ஏன் என்றும் தங்கள் தந்தையார் கேட்டிருந்தார். இரண்டுக்கும் விடை ஒன்றே. முதலாவதால்தான் இரண்டாவது விளைந்தது. ஆகவே கதைகளிலிருந்தே தொடங்குகிறோம்.

முதலில் மாயக்கதைகள். இவற்றின் தலைவிக்குத் தான் அழகி என்பது தெரியாது. ஊரில் மற்ற அத்தனை பேருக்கும் தெரியும். அந்நாட்டில் கண்ணாடியே இல்லையோ என்று நாம் ஐயுறும்போதே, அடுத்த ஏட்டில் அவள் கண்ணாடி முன் நின்று தன் கண்களின் நிறத்தை வர்ணிக்கத் தொடங்கிவிடுவாள். அவள் உடம்பில் எங்கேனும் ஒரு மச்சம் இருக்கும். அதைக் கண்டதும் நரைதாடிக்காரர் ஒருவர் மண்டியிட்டு, உலகைக் காக்கப் பிறந்தவள் நீயே என்பார். அக்கா, யாமும் தேடினோம். இடது முழங்கையின் பின்புறம் வட்டமாக ஒன்று அகப்பட்டது. மெய் சிலிர்த்து அரண்மனை மருத்துவரிடம் காட்டினோம். அவர் அதைப் படை என்று சொல்லி, பூவரசங்காயின் பாலைத் தடவச் சொன்னார். சில நாட்களில் எம் விதி ஆறிப்போயிற்று.

அடுத்து, இரண்டு காளையர். ஒருவன் சிரித்துக்கொண்டே இருப்பான். மற்றவன் பேசவே மாட்டான், மழையில் போய் நிற்பான். நாடு பற்றி எரியும் வேளையில் தலைவி அம்மையார் இவ்விருவரில் யாருடைய கண் ஆழமானது என்று மூன்று கட்டுச் சுவடி முழுக்க யோசித்துக்கொண்டிருப்பார். இதைவிட எரிச்சல் தருவது வேறில்லை. இருப்பினும், தாங்கள் சிரிப்பவன் பக்கம் நின்றதற்காக ஒரு மாதம் தங்களுக்கு ஓலை விடுக்காமல் இருந்தது யாமே என்பதையும் மறைக்கவில்லை. எம் குதிரைக் காவலரில் பேசாத ஒருவன் இருந்தான். அவன் நெஞ்சில் ஏதோ பெருந்துயரம் உறைவதாக எண்ணி, கார்காலம் முழுதும் அவனைத் தொலைவிலிருந்து நோக்கிக்கொண்டிருந்தோம். அவனுக்குக் கடைவாய்ப் பல்லில் சொத்தையாம். பிடுங்கிய பிறகு வாய் ஓயாமல் பேசுகிறான், அதுவும் குதிரைக்கு வைக்கும் கொள்ளைப் பற்றி.

இனிக் கொடுநகரக் கதைகள். இவை எமக்கு மாயக்கதைகளினும் உகந்தவை. காலையில் எழுந்ததும் குடிகள் தாம் கண்ட கனவை அதிகாரியிடம் ஒப்பிக்க வேண்டிய அந்த நகரக் கதையின் முதற்கட்டைப் படித்தபோது சோறு தண்ணீர் மறந்தோம். இரண்டாம் கட்டில் அதே கதை வேறு உடை உடுத்தி வந்தது. மூன்றாம் கட்டில் பாதிப் பேர் செத்தார்கள், கொடுங்கோலன் வீழ்ந்தான், தலைவி குன்றின்மேல் அமர்ந்து கதிரவன் எழுவதைப் பார்த்தாள். சரி. மறுநாள் அந்நகரத்துச் சாக்கடையைத் தூர்வாரியது யார்? அதை ஒருவரும் எழுதுவதில்லை. யாம் பத்து வயது முதல் அவையில் அம்மான் வெண்கூத்தனார் அருகே அமர்ந்து வழக்குக் கேட்டு வருகிறோம். பெரும்பாலும் மதகுச் சண்டை, வரப்புச் சண்டை, ஒருவர் எருமை மற்றவர் கீரைப் பாத்தியில் இறங்கியது. கொடுங்கோலன் இல்லாத நாட்டிலும் எருமை கீரை மேயத்தான் செய்கிறது.

இத்தனை குறை சொல்பவள் ஏன் விடாமல் படித்தாய் என்று தாங்கள் கேட்கலாம். அந்தக் கதைகளில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி பயந்துபோய் நிற்கிறாள். ஒரு நாடே அவளைப் பார்க்கிறது. அவளுக்கு ஒன்றும் தெரியாது, இருந்தும் எப்படியோ செய்து முடித்துவிடுகிறாள். எமக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. அதனால்தான் படித்தோம்.

பயந்தவள் செய்த காரியத்தை இனிக் கேளுங்கள். தாங்கள் அனுப்பிய சுவடிகளில் ஒரு விதி தவறாமல் வருகிறது. இளவரசிக்குப் பதிலாக நாட்டை ஆளும் மாமனோ சிற்றப்பனோ எவராயினும், அவர் கொடியவர். மெல்லப் பேசுவார், கருநிற ஆடை உடுத்துவார், பறவை ஒன்று வளர்ப்பார். எம் அம்மான் மெல்லத்தான் பேசுவார். வெற்றிலைக் கறை தெரியாதிருக்கவே கருநீலம் உடுத்துவார். மிளகி என்று ஒரு மைனாவும் வளர்க்கிறார். யாம் உண்பதற்கு முன் எம் பாயசத்தை அவர் முகர்ந்து பார்ப்பதும் உண்டு. பால் திரிந்திருந்தால் எமக்கு வயிறு கெடும் என்பதே அதன் காரணம் என்பது அரண்மனை முழுக்கத் தெரிந்த செய்தி. கதை படித்தவளுக்கு மட்டும் அது போதவில்லை.

எம் நாட்டு வழக்கம் ஒன்றைத் தங்களுக்குச் சொல்லவேண்டும். இங்கே அரசிக்கு முடி சூட்டுவதில்லை. தாய்மாமன் தம் கையால் அவள் நெற்றியில் செம்பட்டுப் பட்டம் கட்டுவார். தாய்மாமன் நாட்டில் இல்லாவிட்டால் மட்டும் கட்டுபவரை அவளே தேரலாம். ஒரே முடிச்சுதான். அது அவையோர் முன் நழுவி அவிழ்ந்தால், கட்டும் உரிமையும் அரசிக்கு முதல் துணையாய் நிற்கும் உரிமையும் அக்கணமே தந்தைவழிப் பங்காளிகளுக்குப் போய்விடும். அவர்களைத் தாங்கள் எம் தந்தையாரின் ஈமச் சடங்கில் கண்டிருக்கிறீர்கள். அழுகையினூடே கருவூலத்தின் பூட்டு எப்படிப்பட்டது என்று விசாரித்தவர்கள் அவர்கள்தாம்.

சில திங்களாக அம்மான் யானைக் கொட்டிலுக்குப் பின்னுள்ள அறைக்குள் மைனாவோடு போய்க் கதவைத் தாழிட்டுக்கொள்வதைக் கண்டோம். கதைத் தலைவி என்ன செய்வாளோ அதையே செய்தோம். அவர் ஏரி பார்க்கப் போன நேரத்தில் பூட்டை உடைத்தோம். உள்ளே வரிசையாக மண்பானைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் கரியால் ஒரு முகம் வரைந்திருந்தது. அது எம் முகமே. அந்தத் தடித்த புருவங்கள் இந்நாட்டில் வேறெவருக்கும் இல்லை. ஒவ்வொரு பானையின் நெற்றியிலும் செந்துணி இறுக்கிச் சுற்றியிருந்தது. பாவை செய்து சூனியம் வைக்கும் மாமன் ஒருவரை அந்த வாரந்தான் படித்து முடித்திருந்தோம்.

மறுநாள் அவை கூடியதும் எழுந்து நின்று, அம்மான் எம்மைக் கொல்லச் சூழ்ச்சி செய்கிறார் என்று அறிவித்தோம். சொற்கள் கிடைக்காததால் கனவு நகரத் தலைவி கடைசிக் கட்டில் முழங்கிய உரையை அப்படியே ஒப்பித்தோம். இந்நகரின் மதில்கள் இடிந்து வீழட்டும் என்ற வரியையும் விடவில்லை. எம் நகருக்கு மதிலே இல்லை, முள்வேலிதான் என்பது சொல்லி முடித்த பிறகே நினைவுக்கு வந்தது. கதையில் அவ்வுரையைக் கேட்டு மக்கள் ஆர்ப்பரிப்பார்கள். இங்கோ, வழக்குக்காகக் காத்திருந்த எருமைக்காரி மட்டும், தன் முறை எப்போது வரும் என்று வாயிற்காவலனைக் கேட்டாள்.

அம்மான் மறுத்துரைப்பார், வாளை உருவுவார், குறைந்தது ஒரு கொடுஞ்சிரிப்பாவது சிரிப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் முத்திரை மோதிரத்தைக் கழற்றி இருக்கையில் வைத்தார். "சரி கண்ணு" என்றார். அவ்வளவே. அன்று மாலைப் படகில் தங்கள் நாட்டுக்குப் புறப்பட்டுவிட்டார்.

மைனாவை அவர் எடுத்துச் செல்லவில்லை. கொடியவரின் பறவை என்று அதைச் சிறைப்படுத்தி எம் அறையிலேயே வைத்தோம். அது எம்மைக் கண்டதும் கழுத்தைச் சாய்த்து, அம்மானின் குரலில் பேசிற்று. "ஆடாதே கண்ணு. இதோ ஆச்சு, இதோ ஆச்சு." பிறகு சற்றுப் பொறுத்து, "சே, அவுந்துபோச்சு. இந்தக் கை ஒண்ணுத்துக்கும் ஆகல. மறுபடி கட்டறேன், ஆடாதே" என்றது. பின்பு விம்முவதுபோல் ஓர் ஒலி எழுப்பிற்று. அம்மான் அழுதிருக்கிறார், அக்கா. பானையைப் பார்த்து, அதை யாமென்று எண்ணி, பேசிக்கொண்டே கட்டியிருக்கிறார்.

எம் தந்தையார் மாண்ட வடவெல்லைப் போரில் அம்மானின் வலக்கையில் அம்பு தைத்தது எமக்குத் தெரியும். விரல்கள் இன்னும் மடங்காமலிருப்பது தெரியாது, அவர் தெரியவிட்டதில்லை. அவையில் அவர் ஏன் வாய் திறக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கிற்று. உண்மையைச் சொல்லியிருந்தால், அவர் கையால் கட்ட ஆகாது என்று பங்காளிகள் அன்றே அறிந்து பட்டத்தைப் பிடுங்கியிருப்பார்கள். எம்மை அவர்கள் கையில் விடுவதைவிடக் கொடியவர் என்ற பெயரோடு போவது மேல் என்று எண்ணியிருக்கிறார். இவ்வளவையும் விளக்க ஒரு மைனா வேண்டியிருந்தது என்பதிலிருந்து எம் அறிவின் அளவைத் தாங்களே கணித்துக்கொள்ளலாம்.

அவையைக் கூட்டி, அம்மான் குற்றமற்றவர் என்றும், இளவரசி கதை படித்து மதி மயங்கினாள் என்றும் எம் வாயாலேயே சொல்லிவிட்டோம். அவர் கையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. பங்காளிகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

அக்கா, இதற்குமேல் உள்ளதை விருந்தினர் மாளிகையில் அம்மான் தனித்திருக்கும் வேளையில் அவர் காதுபடத் தாங்களே வாசிக்க வேண்டுகிறோம். பிறர் உடனிருக்க வேண்டா.

மாமா, இனி 'யாம்' வேண்டாம். நான் பேசுகிறேன். அங்கே சாப்பிடுகிறீர்களா? நெய்தற்கரையில் எல்லாவற்றிலும் புளி மிகுதி, உங்களுக்கு ஆகாது. மிளகி நன்றாக இருக்கிறது. நான் செய்தது பெரிய தவறு. அதை அவைத்தமிழில் சொன்னால் சிறியதாகிவிடும் போலிருக்கிறது, அதனால் இப்படியே விடுகிறேன்.

கோயிற்சுவரில் பட்டம் கட்டும் முறை வெட்டியிருக்கிறதே, அதைக் கீரந்தையாரோடு போய் வரிவரியாகப் படித்தேன். தாய்மாமன் கையால் முடிச்சிட வேண்டும் என்று இருக்கிறது. மருமகள் தன் விரலை வைத்து அந்த முடிச்சை அழுத்திப் பிடிக்கக் கூடாது என்று எங்கும் இல்லை. பூச்சரம் முடியும்போது பக்கத்திலிருப்பவர் ஒரு விரல் வைப்பாரே, அதுபோலத்தான். நீங்கள் கட்டுங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன். பங்காளிகள் சுவரைப் போய்ப் படித்துக்கொள்ளட்டும். பெட்டியிலிருக்கும் செம்பட்டை எடுத்து, கொட்டிலுக்குப் பின் உள்ள ஒரு பானையில் செய்தும் பார்த்தேன். இடக்கையால்தான் கட்டினேன், நின்றது.

நீங்கள் வராவிட்டால் வேறொருவர் கையால் கட்டிக்கொள்ள மாட்டேன். பட்டமில்லாமலே இருந்துவிடுகிறேன். கதைத் தலைவிகள் யாரும் இப்படி அடம் பிடிப்பதில்லை. நான் பிடிக்கிறேன்.

இவ்வோலை செங்கழனி நாட்டு அரண்மனையில், வளர்பிறையில், ஏனாதி வெண்கூத்தனார் இருக்கையில் வைத்துச் சென்ற அதே மோதிரத்தால் பொறியிடப்பட்டது. ஞாயிறும் திங்களும் இருநாட்டு நட்புக்குச் சான்றாக நிற்க.

இறுதியில் ஆணை வரவேண்டும் என்று கீரந்தையார் நினைவூட்டுகிறார். பட்டம் கட்டாதவளுக்கு ஆணையிடும் உரிமை இல்லை. இந்நாட்டில் இன்றுவரை அது உங்களுடையது. ஆகவே இது ஆணையன்று. கீழுள்ள வரியை அரச ஓலையில் எழுதலாகாது என்று அவர் எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டார். அதனால் நானே எழுதுகிறேன்.

மாமா, எனக்குப் பயமா இருக்கு. வீட்டுக்கு வாங்க.