கல்லில் என் பெயர்

1958 மார்ச் 3
கட்சி ஆபீஸில் இன்று எல்லாரும் சிரித்தார்கள். என் வார்டு மர்பி டவுன் பெண்களுக்குக் கக்கூஸ் வேண்டும் என்றேன். வட்டாரத் தலைவர் சேஷகிரி வக்கீலோ, வார்டுப் பணத்தில் மந்திரி வருகைக்கு வளைவு கட்டலாம் என்கிறார்.
"ஊரே சிரிக்கும் எல்லம்மா. கவுன்சிலர்னா ஒரு கௌரவம் வேணாமா?"
என்ன பெரிய கௌரவம்? எதிர்வீட்டுத் தனக்கோடி நிறைவயிற்றோடு, ஏரிக்கரைக்குப் போக இருட்டும்வரை காத்துக் கிடக்கிறாள். "வயித்துக்குத் தெரியுமாக்கா, பகலா ராத்திரியான்னு?" என்று கேட்டாளே — அவளுக்கு வளைவா பதில் சொல்லும்?

மார்ச் 19
கார்ப்பரேஷனில் கத்தி, மேஜையைத் தட்டி, அந்தப் பணத்தைக் கக்கூஸுக்கே வாங்கிவிட்டேன். சேஷகிரி முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஜூலை 6
கட்டி முடிந்தது. திறந்துவைக்கக் கட்சியிலிருந்து ஒருவரும் வரவில்லை. தெருவிளக்குக்குக்கூடப் பெயர்க்கல் வைத்துக்கொள்கிறவர்கள், இதில் மட்டும் பெயர் வேண்டாமாம்.
கல் செதுக்கும் டொமினிக் தயங்கினான். "யார் பேருக்கா போடறது? அசிங்கமா இருக்காது?"
"என் பேரப் போடுடா. பெருசா போடு."
தோளில் குழந்தையோடு தனக்கோடி ரிப்பன் வெட்டினாள்.

ஜூலை 7
கட்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள். கட்டுப்பாட்டை மீறினேனாம். போங்கடா.

1959 ஜனவரி 11
கார்ப்பரேஷன் தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறேன். கட்சி நிறுத்தியிருப்பது கோவிந்தப்பாவை. அவர் ஆட்கள் தெருத்தெருவாய் "கக்கூஸ் அம்மா" என்று கூவுகிறார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். ஏன் அழுதேன்? அவனுங்க கூவினா எனக்கென்ன? நான் என்ன திருடினேனா?
சாயங்காலம் மீட்டிங்கில் மைக்கைப் பிடித்து நானே சொன்னேன்: "ஆமா, நான் கக்கூஸ் அம்மாதான். கோவிந்தப்பா உங்களுக்கு என்ன செஞ்சாருன்னு அவரையே கேளுங்க!" பெண்கள் கைதட்டியது அல்சூர் வரை கேட்டிருக்கும்.

பிப்ரவரி 2
தோற்றேன்.

பிப்ரவரி 3
காலையிலிருந்து அக்கம்பக்கத்துப் பெண்கள் சாவு வீடு மாதிரி வந்து உட்கார்ந்திருந்தார்கள். காபி கொடுத்து, "பேஜார் பண்ணாதீங்க, போய் வேலையப் பாருங்க" என்று அனுப்பினேன். ஆம்பளைங்க ஓட்டு போடல. போகட்டும்.

ஆகஸ்ட் 23
பின்தெருவிலும் இன்று கக்கூஸ் திறப்பு விழா. அந்தத் தெருப் பெண்கள் தினமும் போய்க் கேட்டு கோவிந்தப்பாவைக் கட்டவைத்திருக்கிறார்கள். வாழைமரம், நாதஸ்வரம், ஷாமியானா! கல்லில் யார் பெயர் மேலே வருவது என்று அவருக்கும் சேஷகிரிக்கும் சண்டையாம். "ரெண்டு தடவ செதுக்க வச்சிட்டாங்கக்கா" என்று டொமினிக் சிரித்தான்.
எனக்கு அழைப்பு இல்லை. போனேன். முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினேன். பிறகு எழுந்து நின்று, அடுத்த தெருவுக்கு எப்போது என்று கேட்டேன்.
கோவிந்தப்பாவுக்கு வேர்த்துவிட்டது.